வேலூர் வக்கீல்களுக்கு, கோர்ட்டு எதிர் ஜெராக்ஸ் கடையிலிருந்து

வழக்கறிஞர் சங்கப் பொறுப்பாளர்களுக்கும், சீனியர் ஜூனியர் வித்தியாசமில்லாமல் சத்துவாச்சாரி கோர்ட்டு வளாகத்துக்குள் தினமும் நுழைகிற எல்லா வக்கீல்களுக்கும் வணக்கம்.

உங்களில் பலருக்கு என் முகம் தெரியும், பெயர் தெரியாது. "ஜெராக்ஸ்" என்றுதான் கூப்பிடுவீர்கள். பத்தொன்பது வருடமாக உங்கள் பிராதுகளையும் பிரமாணப் பத்திரங்களையும் டைப் அடித்து, நகல் எடுத்து, நூல் கோத்துத் தருகிறேன். உங்களை வழக்குக்கு அமர்த்துகிற வக்காலத்தில் கட்சிக்காரர் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டுக் கொடுப்பதும் நான்தான். மேற்கோள் காட்ட நீங்கள் கொண்டுவரும் தீர்ப்புகளை மெஷினில் வைக்கும்போது படித்துப் படித்தே கொஞ்சம் சட்டம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. தப்பாக எதையாவது சொன்னால் கடைக்கு வந்து திருத்துங்கள். டீ என் செலவு.

காலையில் ஷட்டரைத் தூக்கும்போதே யாராவது ஒருவர் வாசலில் நிற்பார். அணைக்கட்டு பக்கமோ பேரணாம்பட்டு பக்கமோ முதல் பஸ் பிடித்து வந்தவர். கையில் ஜவுளிக்கடைப் பை. பைக்குள் பழைய பத்திரம், பட்டா நகல், ரேஷன் கார்டு, ஸ்டேஷனில் கொடுத்த ரசீது எல்லாம் ஒன்றாகச் சுருண்டு கிடக்கும். இரண்டு நகல் எடுப்பார், காசு கொடுப்பார், ஆனால் போகமாட்டார். அப்புறம் குரலைத் தாழ்த்திக் கேட்பார்: "அண்ணா, நல்ல வக்கீலு யாராச்சும் தெரியுமா?"

ஒரு நாளைக்கு நாலைந்து பேராவது இப்படிக் கேட்கிறார்கள். வேலூர் கோர்ட்டுக்கு கூகுள் நான்தான். என்னை விட்டால் டீக்கடை, ஸ்டாம்ப் வெண்டர், ஆட்டோ ஸ்டாண்ட்.

எதை வைத்து நான் பதில் சொல்கிறேன் என்று நீங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. இப்போது நானே சொல்லிவிடுகிறேன். அந்த நேரத்தில் என் கடையில் நிற்கிற வக்கீலைக் கைகாட்டுவேன். யாரும் நிற்காவிட்டால் என்னிடம் பாக்கி வைக்காதவர் பெயரைச் சொல்வேன். அல்லது குமாஸ்தாவிடம் கத்தாமல் பேசுகிறவர், டிராஃப்டில் அடித்தல் திருத்தல் குறைவாக இருப்பவர். ஒருவர் நில வழக்கு பார்ப்பாரா, செக் வழக்கு பார்ப்பாரா என்பதற்கு இதில் எது சாட்சி? பாகப்பிரிவினைக்கு வந்த குடியாத்தத்து அம்மா ஒருவரை, கிரிமினல் மட்டுமே பார்க்கிறவரிடம் அனுப்பிவைத்திருக்கிறேன். அவர் நல்ல மனுஷர், சரியான ஆளிடம் திருப்பி அனுப்பினார். வேறு யாராக இருந்தாலும் "ஆகட்டும்மா, பார்த்துக்கலாம்" என்று வக்காலத்து வாங்கியிருப்பார். ரெண்டு வாய்தா கழித்துத்தான் அந்த அம்மாவுக்கு விஷயம் புரிந்திருக்கும்.

ஆகவே கேட்கிறேன். உங்கள் பெயர், ஆபீஸ் முகவரி, பதிவு எண், எந்த வகை வழக்கு பார்க்கிறீர்கள் என்பதை நீங்களே உங்கள் கையால் இணையத்தில் எழுதி வையுங்கள். தமிழில் எழுதி வையுங்கள்.

வெப்சைட் வியாபாரம் பிடிக்க வந்திருக்கிறான் என்று நினைக்க வேண்டாம். அந்தத் தொழில் எனக்குத் தெரியாது. சொல்லப்போனால் இது நடந்தால் எனக்குத்தான் நட்டம். யாரைக் கைகாட்டுவேன் என்ற காரணத்துக்காகவே என்னிடம் சிரித்துப் பேசுகிறவர்கள் உங்களில் உண்டு.

இந்தப் பேச்சை நான் எடுக்கும்போதெல்லாம் சீனியர்கள் சொல்கிற முதல் பதில் ஒன்றே: "யோவ், அது விளம்பரம்யா. சன்னது போயிடும்." வக்கீல் தொழில் செய்கிற உரிமமே போய்விடும் என்ற அந்தப் பயத்தை நான் கேலி செய்யவில்லை. வக்கீல்களுக்கு விதி போடுகிற பார் கவுன்சில் ஆஃப் இந்தியாவின் விதிகளில் 36-ஆவது விதி கடுமையானதுதான். சுற்றறிக்கை, விளம்பரம், தரகர், பத்திரிகைப் பேட்டி, வழக்கு சம்பந்தமாகப் போட்டோ போடுவது என்று எந்த வழியிலும், நேராகவோ சுற்றிவளைத்தோ, வேலை தேடக்கூடாது என்கிறது. அது வந்த காரணமும் புரிகிறது. 1975-ல் உச்ச நீதிமன்றம் முடித்த பம்பாய் வழக்கின் தீர்ப்பை ஒரு ஜூனியர் நகல் எடுக்கக் கொடுத்தபோது படித்தேன். மாஜிஸ்திரேட் கோர்ட்டு வாசலில் வக்கீல்கள் காத்து நின்று, வருகிற கட்சிக்காரர்மேல் பாய்ந்து, கையிலிருக்கும் காகிதத்தைப் பிடுங்கி, தங்களுக்குள் கைகலப்பு வரை போனதாகக் குற்றச்சாட்டு. நீதிபதி வி.ஆர். கிருஷ்ண அய்யர் அதில் வக்கீல் தொழில் வியாபாரமல்ல என்று காய்ச்சி எடுத்திருக்கிறார். படித்துவிட்டு என் கடை வாசலைப் பார்த்தேன். ஐம்பது வருடத்தில் பாய்வது மட்டும் குறைந்திருக்கிறது. இப்போது பாய்வது வக்கீல் இல்லை, அவருக்காக வேறு ஆள்.

அந்த விதியிலேயே இன்னொரு வரி உண்டு. பெயர்ப்பலகை அளவோடு இருக்க வேண்டும். சங்கத் தலைவராகவோ உறுப்பினராகவோ இருக்கிறார், இருந்தார் என்று பலகையிலும் கடிதத்தாளிலும் போடக்கூடாது. இன்ன வழக்கில் கெட்டிக்காரர் என்றும் போடக்கூடாது. நான் விசிட்டிங் கார்டும் அடித்துக் கொடுக்கிறவன். "முன்னாள் செயலாளர்", "முன்னாள் இணைச் செயலாளர்" என்று எத்தனை கார்டு அடித்திருக்கிறேன் என்று எனக்குத்தான் தெரியும். தேர்தல் சமயத்தில் கவுன் போட்ட படத்தோடு ஆளுயர ஃபிளெக்ஸ் ரோட்டோரம் நிற்கிறது. பிறந்தநாளுக்கு நிற்கிறது. குலதெய்வத் திருவிழாவுக்குக்கூட "வழக்கறிஞர்" என்ற பட்டத்தோடு கை கூப்பி நிற்கிறது. அப்போதெல்லாம் போகாத சன்னது, பெயரும் போன் நம்பரும் உள்ள ஒரு வெப்சைட்டால் போய்விடும் என்றால் எனக்குச் சிரிப்பு வருகிறது. மன்னிக்க வேண்டும்.

அந்த விதியும் அப்படியே நிற்கவில்லை. 2000-லேயே வி.பி. ஜோஷி என்பவர் அதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் ரிட் மனு போட்டார். அது நடந்துகொண்டிருந்தபோதே 2008-ல் பார் கவுன்சில் விதி 36-க்கு ஒரு திருத்தம் சேர்த்தது. வக்கீல் ஒருவர் வெப்சைட் வைத்துக்கொள்ளலாம், ஐந்து வகை விவரம் போடலாம்: பெயர்; முகவரி, தொலைபேசி, மின்னஞ்சல்; பதிவு எண், பதிவான தேதி, எந்த மாநில பார் கவுன்சில், எந்தச் சங்கம்; படிப்பு; எந்தெந்தத் துறை வழக்குகள் பார்க்கிறார். சொன்னதெல்லாம் உண்மை என்று ஓர் உறுதிமொழியும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். வேடிக்கை என்னவென்றால், வாசல் பலகையில் போடக்கூடாத துறை விவரத்தை வெப்சைட்டில் போடலாம். பலகை தராத உரிமையை வெப்சைட் உங்களுக்குத் தருகிறது. கதவு திறந்து பதினேழு வருடத்துக்கு மேல் ஆகிறது. நம் ஊரில் பாதிப்பேர் இன்னும் பூட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

"2024 தீர்ப்பு தெரியுமா உனக்கு?" என்று ஒருவர் என்னை மடக்கினார். தெரியும் சார். அதையும் நான்தான் நகல் எடுத்தேன், ஏழு செட். 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகள் எஸ்.எம். சுப்பிரமணியம், சி. குமரப்பன் அமர்வு சொன்னது. கடைகளையும் பிளம்பர்களையும் தேடித்தருகிற வணிகத் தளங்கள் வக்கீல்களையும் வரிசையாக அடுக்கி, நட்சத்திரம் போட்டு, ரேட் போட்டு விற்றதைத்தான் அந்த அமர்வு கண்டித்தது. அப்படி விளம்பரம் கொடுக்கும் வக்கீல்கள்மேல் நடவடிக்கை எடுக்கச் சொல்லி மாநில பார் கவுன்சில்களுக்குச் சுற்றறிக்கை அனுப்ப வேண்டும், இருக்கிற விளம்பரங்களை எடுக்க வைக்க வேண்டும் என்று உத்தரவு. 2008-ல் அனுமதித்த ஐந்து விவரத்தை அது பிடுங்கவில்லை. எனக்கு அந்தத் தீர்ப்பில் முழு உடன்பாடு. உயிர், சொத்து, குழந்தை யாரிடம் இருக்கும் என்ற வழக்கை நடத்துகிறவருக்கு, ஹோட்டல் பரோட்டாவுக்குப் போடுகிற மாதிரி நாலே முக்கால் நட்சத்திரம் போடுவது அசிங்கம். தோற்ற கட்சிக்காரர் ஒரு நட்சத்திரம்தான் போடுவார். தோற்றது வக்கீலாலா, வழக்கில் சரக்கு இல்லாததாலா என்பது அந்த நட்சத்திரத்துக்குத் தெரியாது.

ஆனால் சார், நீங்கள் எழுதாமல் விட்ட இடத்தில்தானே அந்தத் தளங்கள் வந்து உட்கார்ந்தன?

போன வருடம் நடந்ததைச் சொல்கிறேன். சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்காக வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் எத்தனை குடும்பங்கள் இங்கே வந்து மாதக்கணக்கில் லாட்ஜில் கிடக்கின்றன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காந்தி ரோட்டில் நடந்தால் தமிழுக்குச் சமமாக வங்காள எழுத்துப் பலகை. அப்படி அம்மாவின் வைத்தியத்துக்கு வந்த அண்ணன் தம்பி இருவர். பெங்களூர் ஹைவேயைத் தாண்டும்போது அண்ணனைக் கார் இடித்துவிட்டது. இடுப்பெலும்பு முறிவு. அம்மாவை விட்டுவிட்டு அண்ணனுக்கு ஓடுகிற நிலைமை தம்பிக்கு. இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது இருக்கும். போனில் "வேலூர் வக்கீல்" என்று தேடியிருக்கிறான். வேலூர் முகவரி போட்ட ஒரு நம்பர் கிடைத்தது. எடுத்தவர் இந்தியில் அன்பாகப் பேசி, பதிவுக் கட்டணம் என்று இரண்டாயிரம் ரூபாய் போனிலேயே அனுப்பச் சொன்னார். அனுப்பியபிறகு அந்த நம்பர் எடுக்கப்படவே இல்லை. நான்காம் நாள் லாட்ஜுக்கே ஒருவர் தோல்பையோடு வந்தார். கைக்காசு ஒன்றும் வேண்டாம், வருவதில் பாதி என்றார். தமிழில் அச்சடித்த நாலு காகிதத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். அதில் என்ன எழுதியிருந்தது என்று பையனுக்குத் தெரியாது.

எஃப்.ஐ.ஆர். நகல் எடுக்க என் கடைக்கு வந்தபோதுதான் பாதி இந்தியிலும் பாதி சைகையிலும் இதையெல்லாம் சொன்னான். நான் பதறிப்போய், எனக்குத் தெரிந்த ஒரு நல்ல வக்கீல் பெயரைச் சொன்னேன். அவன் என்னை உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "அந்த ஆளும் இப்படித்தான் ஒரு பெயர் சொன்னார்."

எனக்குப் பேச்சு வரவில்லை. அவன் சொன்னது நியாயம். அவனைப் பொறுத்தவரை தோல்பைக்காரருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? இந்த வக்கீல் உண்மையான வக்கீல், இன்ன வருடம் பதிவானவர், இன்ன இடத்தில் ஆபீஸ், விபத்து வழக்கு பார்க்கிறார் என்று அவன் போனிலேயே எடுத்துக் காட்ட என்னிடம் ஒரு பக்கம்கூட இல்லை. விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும் என்று 2022 ஏப்ரலிலிருந்து மோட்டார் வாகனச் சட்டத்தில் கெடு வேறு இருக்கிறது. அந்தக் கெடுவை எதிர்த்து உச்ச நீதிமன்றத்துக்கு வழக்குப் போனது உங்களுக்குத் தெரியும். மொழி தெரியாத ஊரில் ஆஸ்பத்திரிக்கும் லாட்ஜுக்கும் அலைகிறவனுக்கு அது எங்கே தெரியப்போகிறது?

அவனை இலவசச் சட்ட உதவி தருகிற சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குக் கூட்டிப்போய் விட்டேன். 15100 என்ற உதவி எண்ணையும் எழுதிக் கொடுத்தேன். அதற்கு அப்புறம் அவன் என் கடைக்கு வரவில்லை.

தோல்பைக்காரர்களைப் பற்றி எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே தெரியும். என்னிடமும் பேசிப் பார்த்தார்கள். விபத்துக் கேஸ் ஒன்று அனுப்பினால் இவ்வளவு, இறப்பு என்றால் இவ்வளவு என்று தனித்தனி ரேட். இறப்புக்குக் கூடுதல். மறுத்துவிட்டேன். நான் பெரிய யோக்கியன் என்பதால் இல்லை. எனக்கு ஓடிப்போக இடமில்லை. ஏமாந்தவர் மறுநாள் இதே கல்லாவுக்கு முன்னால்தான் வந்து நிற்பார். தரகர்களை ஒழிக்க வழக்கறிஞர்கள் சட்டத்திலேயே 2023-ல் புதுப் பிரிவு, 45ஏ, சேர்த்திருக்கிறார்கள். தரகர் பட்டியல் தயாரித்து வெளியிடலாம். பட்டியலில் இருப்பவர் மீண்டும் தரகு செய்தால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 500 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். என்னிடம் பேசிய ரேட்டையும் இந்த 500 ரூபாயையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நீங்களும் பாருங்கள்.

அடுத்து அடிக்கடி கேட்கிற பதில்: "நம்ம கட்சிக்காரன் எங்கய்யா நெட்டைப் பார்க்கிறான்?" இதைச் சொல்கிறவர்கள் தங்கள் கட்சிக்காரரை எத்தனை வருடத்துக்கு முன்னால் கடைசியாகக் கவனித்தார்கள் என்று தெரியவில்லை. ஒடுகத்தூர் விவசாயி பட்டாவையும் சிட்டாவையும் போனில் இறக்கிக்கொண்டு வருகிறார். வில்லங்கச் சான்று ஆன்லைனில் எடுத்ததைக் காட்டி, "இதுல இன்னா போட்டிருக்கான் பாருண்ணா" என்கிறார். காட்பாடியில் எந்த ரயில் எத்தனை நிமிடம் லேட் என்பது டிக்கெட் வாங்காதவருக்குக்கூடத் தெரிகிறது. அவரால் கண்டுபிடிக்க முடியாமல் இருப்பது நீங்கள் ஒருவர்தான்.

அதோடு, நீங்கள் நெட்டில் இல்லை என்று நினைப்பதும் தப்பு. ஈ-கோர்ட்ஸ் தளத்தில் வழக்கு எண்ணை வைத்து மட்டுமல்ல, வக்கீல் பெயரை வைத்தும் தேடலாம். ஒரு சீனியரிடம் அவர் பெயரைப் போட்டுக் காட்டினேன். நிலுவையில் இருப்பது, முடிந்தது, அடுத்த வாய்தா எல்லாம் வரிசையாக வந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "இதை யாரு போட்டது?" கோர்ட்டுதான் சார் போட்டது. "யாரு வேணா பாக்கலாமா?" யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அவர் இனிஷியலை ஓரிடத்தில் முன்னாலும் ஓரிடத்தில் பின்னாலும் போட்டிருந்தார்கள், பெயரும் இரண்டு விதமாக இருந்தது. அவருக்கு அதுதான் பெரிய வருத்தமாக இருந்தது. உலகத்துக்கே தெரிகிற இடத்தில் உங்கள் வழக்குகள் ஏற்கனவே கிடக்கின்றன. நீங்கள் யார், எங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள் என்பது மட்டும்தான் இல்லை.

இளையவர்களிடம் எனக்கு வேறு புகார். அவர்கள் நெட்டில் இருக்கிறார்கள், கொஞ்சம் அதிகமாகவே. கவுனைக் காற்றில் பறக்கவிட்டு, சினிமாப் பின்னணி இசையோடு படியிறங்கி வருகிற ரீல்ஸ். "ஒரே நாளில் ஜாமீன்" என்று கீழே எழுத்து. தீர்ப்பு நகலைக் கையில் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் கட்சிக்காரரை நிறுத்தி ஒரு போட்டோ. அந்தக் கட்சிக்காரர் ஊருக்குப் போனதும் எதிர்க்கட்சி வீட்டைத் தாண்டித்தானே நடக்க வேண்டும்? அதை யாராவது யோசித்தார்களா? 2025 மார்ச்சில் பார் கவுன்சில் ஆஃப் இந்தியா நடிகர்களையும் சமூக ஊடகப் பிரபலங்களையும் வைத்து விளம்பரம் செய்கிறவர்களைக் கண்டித்து அறிக்கை விட்டது இந்தக் கூத்தை எல்லாம் பார்த்துத்தான். அமெரிக்காவில் 1977-ல் அரிசோனா வழக்கு ஒன்றில் வக்கீல் விளம்பரத்தை உச்ச நீதிமன்றமே அனுமதித்துவிட்டது. அது அந்த ஊர் நியாயம். நமக்கு அந்த அளவுக்குப் போக வேண்டியதில்லை.

ஆனாலும் அந்தப் பையன்களை முழுக்கத் திட்டவும் மனசு வரவில்லை. அப்பா வக்கீல், தாத்தா வக்கீல் என்றால் ஆபீஸும் குமாஸ்தாவும் கட்சிக்காரரும் சொத்தோடு சேர்ந்து வருகிறார்கள். தோல் தொழிற்சாலைத் தொழிலாளியின் மகன் சட்டம் படித்துவிட்டு வந்து நின்றால் அவனை யாருக்குத் தெரியும்? வாய்வார்த்தையில்தான் தொழில் வளர வேண்டும் என்பது, ஏற்கனவே நாலு வாய் தனக்காகப் பேசுகிறவருக்குச் சுலபம். மரியாதையாகப் பெயர் சொல்லிக்கொள்ள ஓரிடம் இருந்திருந்தால் அவன் படியிறங்கி ஆட வேண்டியிருக்காது என்று எனக்குத் தோன்றுகிறது.

பெண் வக்கீல்கள் விஷயம் இதைவிடச் சிக்கல். குடும்ப வழக்குக்காக வருகிற பெண்கள் ஆண்கள் நிற்கும்போது வாய் திறக்கமாட்டார்கள். கடை காலியாகிற வரை ஓரமாக நிற்பார்கள். காலி ஆனதும்: "லேடி வக்கீல் யாராச்சும் இருக்காங்களாண்ணா?" இருக்கிறார்கள், எத்தனையோ பேர். ஆனால் ஃபிளெக்ஸில் அவர்கள் இல்லை, டீக்கடைப் பேச்சில் இல்லை, ஆட்டோக்காரர் நாக்கிலும் இல்லை. சொல்லக்கூடாததையெல்லாம் ஒரு ஆணிடம் சொல்லி அழ முடியாமல், வழக்கே போடாமல் திரும்பிப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

சரி, நெட்டில் போடுங்கள் மேடம் என்று ஒருவரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. ஏற்கனவே மேப்பில் ஆபீஸ் பெயரும் சொந்த நம்பரும் போட்டிருந்தாராம். ராத்திரி பதினொரு மணிக்கு "ஹாய்". பூ படம். வீடியோ கால். எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் போன் பண்ணி வீட்டு முகவரியைச் சொல்லி, "இதானே உங்க வீடு?" என்று கேட்டாராம். இரண்டே மாதத்தில் எல்லாவற்றையும் எடுத்துவிட்டார். "வெளியே தெரியலைன்னா கேஸ் இல்ல, தெரிஞ்சா நிம்மதி இல்ல" என்றார். இதற்கு என்னிடம் முழுப் பதில் கிடையாது. ஆனால் தனி ஆள் தனியாகப் போடுவதால்தான் இந்தத் தொல்லை என்று நினைக்கிறேன். சங்கத்தின் அலுவலக நம்பர் ஒன்றைப் போட்டு, அழைப்பு அங்கே வந்து, விவரம் கேட்டுக்கொண்டு பிறகு அவருக்குச் சொன்னால் பாதித் தொல்லை வாசலிலேயே நின்றுவிடும்.

அதனால்தான் இந்த மடலைத் தனித்தனியாக எழுதாமல் சங்கங்களுக்கு எழுதுகிறேன். ஆளாளுக்கு வெப்சைட் என்று ஆரம்பித்தால் காசு இருக்கிறவர் ஜொலிப்பார், இல்லாதவர் மங்குவார். சங்கமே ஒரு பக்கம் போடட்டும். எல்லாருக்கும் ஒரே அளவு எழுத்து. அகர வரிசை. 2008 அனுமதித்த ஐந்து விவரம், அதற்கு மேல் ஒரு சொல் வேண்டாம். ஜெயித்த கணக்கு, மந்திரியோடு நிற்கிற போட்டோ, நட்சத்திரம் எதுவும் வேண்டாம். மரச்சுத்தியல் படமும் வேண்டாம், அதை நம் கோர்ட்டில் எந்த நீதிபதி தட்டி யார் பார்த்தது? கண்ணைக் கட்டிய நீதி தேவதையும் வேண்டியதில்லை. உச்ச நீதிமன்றத்திலேயே கண்கட்டு இல்லாத சிலையை வைத்துவிட்டார்கள். சங்கம் இப்படிப் பட்டியல் போடலாமா என்று சந்தேகம் இருந்தால் தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சிலுக்கு ஒரு கடிதம் எழுதிக் கேட்டுவிடுங்கள். டிராஃப்ட் கொடுத்தால் டைப் அடித்துத் தருகிறேன்.

தமிழில் என்று திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இருக்கிற சில வக்கீல் வெப்சைட்டுகளைப் பார்த்தேன். முழுக்க இங்கிலீஷ். படிக்கிறவர் இன்னொரு வக்கீலாக இருந்தால்தான் புரியும். "சிவில்" என்று போட்டால் ஊரில் யாருக்குத் தெரியும்? "நிலம், வீடு, பாகப்பிரிவினை, வழித்தகராறு" என்று போடுங்கள். "விபத்து இழப்பீடு", "செக் பவுன்ஸ்", "ஜீவனாம்சம்" என்று போடுங்கள். முகவரியில் கதவு எண்ணோடு அடையாளமும் வேண்டும். எந்த மெடிக்கல் கடைக்கு மேல் மாடி, எந்தக் கோயில் சந்து என்று. 2019 நவம்பரில் மாவட்டம் மூன்றாகப் பிரிந்ததிலிருந்து எந்த ஊர் வழக்கு எந்தக் கோர்ட்டில் என்பதில் ஜனங்களுக்கு இன்னும் குழப்பம். எந்தெந்தக் கோர்ட்டுகளுக்குப் போகிறீர்கள் என்பதையும் அந்த ஐந்தோடு சேர்க்கலாமா என்று பார் கவுன்சிலுக்கு எழுதும் கடிதத்திலேயே கேளுங்கள். சேர்த்தால் ஆற்காட்டிலிருந்து ஒருவர் வீணாக இங்கே வந்து திரும்ப வேண்டியிருக்காது. வங்காளத்திலும் இந்தியிலும் ஒரு பக்கம் இருந்தால் அந்தப் பையனைப் போன்றவர்களுக்கு உதவும். ஆனால் முதலில் தமிழ் வரட்டும்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் மனசு கேட்காது. இந்தியாவில் சுற்றுச்சூழல் சட்டம் படிக்கிற எந்த மாணவரும் நம் ஊர் பெயரைப் படிக்காமல் தாண்ட முடியாது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-ல் போட்டு 1996-ல் தீர்ப்பான பாலாற்றுத் தோல்கழிவு வழக்குதான் காரணம். மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கொள்கையை நம் நாட்டுச் சட்டத்தில் நிலைநிறுத்திய தீர்ப்பு அது. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதே பாலாற்றுக்காக மறுபடியும் உத்தரவு போட வேண்டியிருந்தது. ஆக, வேலூர் என்ற பெயர் சட்டப் புத்தகத்தில் டெல்லி வரைக்கும் தெரிகிறது. பாலாற்றங்கரையில் கிணறு கெட்டுப்போன விவசாயி இன்றைக்கு அந்தத் தீர்ப்பைப் பற்றி ஒரு வக்கீலிடம் கேட்க வேண்டும் என்றால், என் கடைக்கு வந்து யார் நல்ல வக்கீல் என்று என்னைக் கேட்கிறார். எனக்கு அது பெருமையாக இல்லை சார்.

பட்டியல் தயாரானால் அச்சடித்து என் கடைச் சுவரிலும் ஒட்டி வைக்கிறேன். கல்லாவுக்கு இடது பக்கம், காலண்டர் மாட்டியிருக்கிற இடம். யாராவது கேட்டால் அதைக் காட்டிவிட்டு என் வேலையைப் பார்ப்பேன். முதல் பிரதிக்கு டைப்பிங், நகல் எதற்கும் காசு வேண்டாம். பெயர், பதிவு எண், தேதி இந்த மூன்றையும் மட்டும் தெளிவாக எழுதிக் கொடுங்கள். உங்கள் கையெழுத்தைப் பத்தொன்பது வருடமாகப் படிக்கிறேன், ஆனாலும் 1-க்கும் 7-க்கும் இன்னும் எனக்குச் சந்தேகம்தான்.

இப்படிக்கு,
ஜெராக்ஸ்,
கோர்ட்டு எதிரில், சத்துவாச்சாரி, வேலூர்.